தளர்ந்த மண்ணும் உறுதியான வீடும்

(ஊரக வீட்டு வசதிப் பணியில் ஈடுபட்டுள்ள இளம் பொறியாளர்களிடையே ஆற்றப்பட்ட உரை)

பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம் 2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது, சமவெளியில் கட்டப்படும் வீடு ஒன்றுக்கு 1.20 இலட்சம் ரூபாயும், மலைப் பகுதியிலும் பிற கடினமான பகுதிகளிலும் கட்டப்படும் வீடு ஒன்றுக்கு 1.30 இலட்சம் ரூபாயும் உதவித் தொகையாக வகுக்கப்பட்டன. வீட்டின் பரப்பு 25 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. 2024-ஆம் ஆண்டில் மேலும் 2 கோடி வீடுகளைக் கட்டுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிலத்தின் மேற்பரப்பு சமவெளியா, மலையா என்பதைத் திட்டம் கணக்கில் கொள்கிறது. அந்த மேற்பரப்புக்கு இரண்டு முழம் கீழே இருப்பது சரளையா, கரிசலா, நீர் ஊறிய வண்டலா என்பதைப் பொறுத்து உதவித் தொகை வேறுபடுவதில்லை.

வீடு பெறும் குடும்பம் அரசின் உதவியோடு தன் சேமிப்பையும் கடனையும் சேர்த்தே சுவர் எழுப்புகிறது. நிலமற்றவர்களுக்கு மனை ஒதுக்கப்படும்போது, பயிருக்கும் வாணிபத்திற்கும் உதவாத தாழ்நிலமே பல இடங்களில் அவர்கள் பங்குக்கு வருகிறது. இவ்வாறு, மிகக் குறைந்த பொருள் வசதி உள்ளவரே மிகத் தளர்ந்த மண்ணின்மீது வீடு கட்ட நேர்கிறது. இரண்டு மழைக்காலம் கழிந்து சுவர் மூலைவிட்டமாகப் பிளந்தால், அதைச் சீர்செய்யும் செலவுக்கு எந்தத் திட்டத்திலும் அக்குடும்பம் மீண்டும் எளிதில் இடம்பெறாது. ஆகவே, தளர்ந்த மண்ணைக் குறைந்த செலவில் உறுதிப்படுத்தும் வழி உண்டா என்பது வெறும் பொறியியல் கேள்வி அன்று. அத்தகைய வழிகளுள் ஒன்று, மண்ணோடு சிமெண்டைக் கலந்து கெட்டிப்படுத்தும் முறை. அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மண்ணின் தாங்குதிறன்

சிறிய வீடுகளின் கடைக்கால் பொதுவாக ஒரு மீட்டர் ஆழத்தைத் தாண்டுவதில்லை. ஒரு மாடி மட்டும் உள்ள செங்கல் வீட்டில் சுவர், கூரை, கடைக்கால் ஆகிய அனைத்தின் எடையும் சேர்ந்து, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திற்கும் ஏறத்தாழ 3 டன் என்று தோராயமாகக் கொள்ளலாம். கடைக்காலின் அடி அகலம் 60 சென்டிமீட்டர் என்றால், மண்ணின்மீது சதுர மீட்டருக்கு 5 டன் அழுத்தம் விழுகிறது. கெட்டியான சரளை மண்ணுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால், கட்டைவிரலால் அழுத்தினால் சில சென்டிமீட்டர் உள்ளே இறங்கும் மிக மென்மையான களிமண்ணுக்குத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு அனுமதிக்கும் தோராயமான அளவே சதுர மீட்டருக்கு 5 டன்தான். அத்தகைய மண்ணில் சாதாரண ஏழை வீடும் எல்லையில் நிற்கிறது.

தாங்குதிறனைவிட முக்கியமானது சீரான அமிழ்வு. முழு வீடும் ஒரே அளவாக 5 சென்டிமீட்டர் இறங்கினால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஒரு மூலை மட்டும் 2 சென்டிமீட்டர் இறங்கினால் செங்கற்சுவர் பிளந்துவிடும். பழைய குட்டையைத் தூர்த்த இடம், வாய்க்காலை மூடிய இடம், குப்பை மண் கொட்டி மேடாக்கிய இடம் ஆகியவற்றில் ஒரே மனைக்குள் பாதி கெட்டியாகவும் பாதி தளர்ந்தும் இருப்பதே வழக்கம். வீடுகள் வெடிப்பதற்கு மண்ணின் இந்தச் சீரின்மை ஒரு முக்கியக் காரணம்.

மண்ணுக்குள் சிமெண்டு செய்யும் வேலை

சிமெண்டு நீரோடு சேரும்போது பசை போன்ற ஒரு பொருளாக மாறி, மணல் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. இந்த வினையின்போதே சுண்ணாம்பும் வெளிப்படுகிறது. களிமண் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சோடியம் போன்ற அயனிகளை அகற்றிவிட்டு, சுண்ணாம்பிலுள்ள கால்சியம் அவ்விடத்தில் அமர்கிறது. அதனால் களிமண்ணின் ஒட்டுந்தன்மை குறைந்து, அது பொலபொலப்பாகிறது. பின்னர், களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு மெதுவாக வினைபுரிந்து மேலும் உறுதி சேர்க்கின்றன. முதல் வேலை சில நாட்களில் பெரும்பாலும் முடிகிறது. கடைசி வேலை மாதக்கணக்கில் தொடர்கிறது.

இம்முறை புதியதன்று. மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தால் அது மிக அதிகமாக இறுகும் என்பதை அளந்தறியும் சோதனையை அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1935-ஆம் ஆண்டில், தென் கரோலினா மாநிலத்தில் ஜான்சன்வில் அருகே மண்-சிமெண்டுச் சாலை ஒன்று முறையான ஆய்வின் அடிப்படையில் அமைக்கப்பட்டது. நம் நாட்டில் பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காக 1948-ஆம் ஆண்டில் கர்னாலில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டபோது, சிறிதளவு சிமெண்டு கலந்த மண்ணை இடித்துக் கெட்டித்துச் சுவர்கள் எழுப்பப்பட்டன. தென் ஆப்பிரிக்காவில் கேப்டவுனுக்கு வடக்கே உள்ள கோபெர்க் அணுமின் நிலையத்தின் அடியில், நிலநடுக்கத்தின்போது குழம்பாகக் கூடிய ஈர மணல் அடுக்கு ஒன்று அகற்றப்பட்டு, அவ்விடம் மண்-சிமெண்டால் நிரப்பப்பட்டது. அகதியின் குடிலுக்கும் அணு உலைக்கும் ஒரே கொள்கை பயன்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு சிறு வீட்டின் கணக்கு

சிறிய வீட்டிற்கு இம்முறையைக் கையாளும் விதம் எளிது. வானம் தோண்டும்போது வழக்கமான அளவைவிடச் சற்று அகலமாகவும் ஆழமாகவும் தோண்டி, எடுத்த மண்ணையே சிமெண்டோடு கலந்து, அடுக்கடுக்காக இட்டுக் கெட்டிக்க வேண்டும். அந்தப் படுகையின்மேல் வழக்கமான கடைக்கால் எழும்புகிறது.

படுகையின் அகலம் 90 சென்டிமீட்டர், கனம் 40 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு மீட்டர் நீளத்திற்கு 0.36 கன மீட்டர் மண் தேவை. கெட்டித்த நிலையில் அதன் உலர்ந்த எடை ஏறத்தாழ 630 கிலோ கிராம். மண் வண்டல் கலந்த மணலாக இருந்து, 6 சதவீதம் சிமெண்டு போதும் என்று சோதனையில் தெரிந்தால், மீட்டருக்கு ஏறத்தாழ 38 கிலோ கிராம் சிமெண்டு செலவாகும். 5 மீட்டர் சதுரமான வீட்டில் நான்கு வெளிச்சுவர்களும் ஓர் உள்சுவரும் சேர்ந்து 25 மீட்டர் நீளம். மொத்தச் சிமெண்டு 945 கிலோ கிராம். அதாவது 50 கிலோ மூட்டைகள் 19.

இந்த 19 மூட்டைகளால் கிடைக்கும் நன்மை என்ன? மண்ணின்மீது விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 5 டன்னிலிருந்து ஏறத்தாழ மூன்றரை டன்னாகக் குறைகிறது. தளர்ந்த இடத்தையும் கெட்டியான இடத்தையும் படுகை ஒரு பாலம் போல இணைப்பதால் சீரற்ற அமிழ்வும் குறைகிறது. நன்கு செய்த மண்-சிமெண்டு ஏழு நாட்களில் சதுர சென்டிமீட்டருக்கு 17 கிலோ கிராம் அளவு நொறுங்குவலிமை பெறுவது இயல்பு. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் அது 170 டன் ஆகும். வீட்டின் சுமையோ 5 டன். ஆகவே, படுகை நொறுங்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. படுகை எங்கும் ஒரே தரமாக அமைந்ததா, அதன் கீழுள்ள மண் எத்தகையது என்னும் இரண்டு கேள்விகளுக்கே பொறியாளர் விடை காண வேண்டும்.

பணியிடத்தில் கவனிக்க வேண்டியவை

மண்ணுக்கேற்ற சிமெண்டு அளவைப் பணி தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டும். மணற்பாங்கான மண்ணுக்கு 5 முதல் 9 சதவீதமும், களிமண் மிகுந்த மண்ணுக்கு 10 முதல் 15 சதவீதமும் தேவைப்படலாம். அதே மண்ணில் 4, 6, 8 சதவீதம் என மூன்று கலவைகள் செய்து, உருளைகளாக வார்த்து, ஏழு நாள் ஈரத்தில் வைத்து, நீரில் ஊறவிட்டு நொறுக்கிப் பார்த்தால், தேவைக்கு மேல் சிமெண்டு வீணாவதைத் தடுக்கலாம்.

மண்கட்டிகளை உடைத்துத் தூளாக்கிய பின்னரே சிமெண்டைத் தூவ வேண்டும். நிறம் எங்கும் ஒன்றாகத் தோன்றும்வரை உலர்ந்த நிலையிலேயே புரட்டிக் கலந்து, பிறகு நீர் தெளிக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவும், கீழே போட்டால் உடையவும் வேண்டும். அதுவே ஏறத்தாழச் சரியான ஈரம். நீர் சேர்ந்த இரண்டு மணி நேரத்திற்குள் கெட்டிப்பு முடிந்துவிட வேண்டும். காலையில் கலந்து வைத்த மண்ணை உச்சிவேளைக்குப் பின் திமிசுக் கட்டையால் இடிப்பவர், பிணைந்த துகள்களைப் பிரித்துச் சிமெண்டை வீணாக்குகிறார். அடுக்கு ஒன்றின் கனம் கெட்டித்த பின் 15 சென்டிமீட்டருக்கு மிகாதிருப்பது நலம். படுகை முடிந்ததும் ஈரச் சாக்கு அல்லது ஈர மணல் கொண்டு மூடி ஏழு நாட்களாவது காய விடாமல் காக்க வேண்டும்.

இவை ஒவ்வொன்றும் எந்தக் கொத்தனாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக் கூடியவை. ஆனால், மண்ணுக்குள் மறைந்துவிடும் வேலையில் கண்காணிப்புத் தளர்வது எளிது. சுவர் கோணலாக இருந்தால் வழிப்போக்கருக்கும் தெரியும். படுகையில் இரண்டு மூட்டை குறைந்தால் வீட்டுக்காரருக்கும் தெரியாது. எனவே, படுகையை மூடுமுன் அதன் அளவும் கெட்டிப்பும் பதிவு செய்யப்பட வேண்டும். அதன் பிறகே அடுத்த தவணைத் தொகை வழங்கப்பட வேண்டும்.

எங்கே இம்முறை போதாது

முதலாவது, கரிசல் நிலம். மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத், கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலும் தமிழ்நாட்டின் சில பகுதிகளிலும் பரவியுள்ள இம்மண், நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுந்திருப்பதால் அது மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கிறது. ஒட்டும் கட்டிகளாக இருப்பதால் சிமெண்டு அதில் சீராகக் கலப்பதில்லை. முதலில் 3 முதல் 6 சதவீதம் சுண்ணாம்பு சேர்த்தால் மண் பொலபொலப்பாகும். ஆயினும், வானத்துக்குள் உள்ள மண்ணை மட்டும் திருத்தினால் அதற்குக் கீழே உப்பும் மண் ஓய்ந்திராது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்காகவே அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த சிறு தூண்களை உருவாக்கியது. பருவத்திற்குப் பருவம் அசையும் மேல்மண்ணைத் தாண்டி, குறைந்தது 3.5 மீட்டர் ஆழத்தில் அவை ஊன்றி நிற்கின்றன. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஆர். கே. கட்டி, உப்பாத களிமண்ணை ஓர் அடுக்காக இட்டு உப்பலைக் கட்டுப்படுத்தும் முறையை வகுத்தார். கரிசலில் இத்தகைய வழிகளே முதலில் எண்ணத்தக்கவை.

இரண்டாவது, இலைதழை மக்கிய மண்ணும் உப்பு மிகுந்த மண்ணும். கேரளத்தின் குட்டநாட்டில் உள்ளதுபோல் மக்கிய பொருளும் அமிலத்தன்மையும் கூடிய களிமண்ணில், குறைந்த அளவு சிமெண்டு இறுகுவதே அரிது. சல்பேட்டு உப்பு மிகுந்த மண்ணில் சிமெண்டும் உப்பும் களிமண்ணும் சேர்ந்து உப்பும் தன்மையுள்ள படிகங்களாக மாறுவதால், உறுதிப்படுத்தச் செய்த வேலையே தரையை மேலே தள்ளிவிடக்கூடும். மண்ணோடு நிலத்தடி நீரையும் சோதிப்பது இங்கு இன்றியமையாதது.

மூன்றாவது, ஆழமான மென்களிமண். கல்கத்தாவைச் சுற்றியுள்ள கழிமுகப் பகுதியிலும், கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற துறைமுகங்களை அடுத்த கடற்களிமண் பகுதியிலும் மென்மண் பல மீட்டர் ஆழம் வரை செல்கிறது. அங்கு 40 சென்டிமீட்டர் படுகை, ஆழ்குளத்தில் மிதக்கும் பலகைபோல அமிழ்வைச் சீராக்குமே அன்றி நிறுத்தாது. ஓர் அறை வீட்டிற்கு அது போதியதாகலாம். நான்கு மாடிக் குடியிருப்புக்குப் போதாது. அத்தகைய இடங்களுக்கென 1960-களின் பிற்பகுதியில் சுவீடனும் ஜப்பானும் தனித்தனியே ஒரு முறையை வளர்த்தன. சுழலும் அலகுகள் கொண்ட துளைக்கருவி, மண்ணை வெளியே எடுக்காமல் அங்கேயே கலந்து, ஆழத்தில் தூண்களாக இறுகச் செய்கிறது. முதலில் சுண்ணாம்பும் பின்னர் சிமெண்டும் பயன்பட்டன. இதற்கான எந்திரம் விலை மிக்கது. தனி வீட்டிற்கு வாடகையும் கட்டுப்படியாகாது. நூறு வீடுகள் கொண்ட குடியிருப்பை ஒரே வாரியம் கட்டும்போது கணக்கு வேறாகிறது.

நான்காவது, நீர் நிறைந்த தளர்மணல். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் நேர்ந்த நிலநடுக்கத்தில், ஏறத்தாழ 300 கிலோ மீட்டர் நீளமான ஒரு பட்டையில் நிலம் தன் திண்மையை இழந்து வீடுகள் சாய்ந்தும் அமிழ்ந்தும் போயின. 2001-ஆம் ஆண்டு கட்சு நிலநடுக்கத்தில் கண்ட்லா துறைமுகக் கட்டடம் ஒன்று சாய்ந்ததும் இத்தகைய நிலத்தில்தான். மெல்லிய மேற்படுகை ஒன்றே இந்த ஆபத்தை அகற்றும் என்று எவருக்கும் உறுதி கூற இயலாது.

மண்ணை அறியும் பொறுப்பு யாருடையது?

இந்த நான்கு விலக்குகளும் ஒரே முடிவைச் சுட்டுகின்றன. மண்ணை அறியாமல் இடும் சிமெண்டு, நோயை அறியாமல் கொடுக்கும் மருந்து போன்றது. துளையிட்டு, 63.5 கிலோ கிராம் சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணும் சோதனை உலகெங்கும் வழக்கில் உள்ளது. தனி வீட்டுக்காரருக்கு அது எட்டாத செலவு. ஆனால், நாற்பது வீடுகள் எழும் மனைத் தொகுப்பிற்குச் சில துளைகள் போட்டால், செலவு வீட்டுக்கு வீடு பகிர்ந்து மிகச் சிறிதாகும். துளைகளுக்கு இடைப்பட்ட மனைகளில் கைத்துளைக் கருவியால் இரண்டு, மூன்று மீட்டர் ஆழம் வரை மண்ணை எடுத்துப் பார்ப்பதும், தூர்த்த குட்டை எங்கிருந்தது என்று ஊர் முதியவர்களைக் கேட்டறிவதும் மிகுந்த பயன் தரும்.

பயிருக்காக அரசு இப்பணியை ஏற்கெனவே செய்துள்ளது. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் இராஜஸ்தானின் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. தன் வயலில் எந்தச் சத்து குறைவு என்பதை விவசாயி ஓர் அட்டையில் காண முடிகிறது. அதே விவசாயி வீடு கட்டும் மனையின் மண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் காட்டும் அட்டை இல்லை. பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி, பாலம், சாலை எனப் பல பணிகளுக்காகப் பல துறைகள் கிராமங்களில் மண்ணைச் சோதிக்கின்றன. அந்த முடிவுகள் அந்தந்தக் கோப்புகளிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றைத் தொகுத்து, ஊராட்சிதோறும் ஒரு மனைமண் குறிப்பேடு வைத்தால், அடுத்து வீடு கட்டுபவருக்கு முதல் எச்சரிக்கை இலவசமாகவே கிடைக்கும். இன்ன மண்ணுக்கு இன்ன கடைக்கால் என்னும் வழிகாட்டியும் அதில் இடம்பெறலாம். தளர்மண் என்று குறிக்கப்பட்ட மனைக்கு 19 மூட்டைச் சிமெண்டின் விலையை உதவித் தொகையோடு சேர்த்து வழங்குவது திட்டத்திற்குப் பெரும் சுமையாகாது.

சிமெண்டைச் சிக்கனமாகக் கையாள்வதும் கருதத்தக்கது. சிமெண்டு உற்பத்தியில் உலகில் இரண்டாம் இடம் வகிக்கும் நாடு இந்தியா. அந்த உற்பத்தி வெளியிடும் கரியமில வாயுவும் அதற்கேற்பப் பெரிது. அனல்மின் நிலையங்களில் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கும் மேலாகச் சாம்பல் சேர்கிறது. உலர்சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமெண்டு, மண்ணை உறுதிப்படுத்தும் வேலைக்குப் பெரும்பாலும் ஏற்றதே. அது சற்று மெதுவாக இறுகும். ஆனால், உப்பு நீரை நன்கு தாங்கும்.

இங்கு கூடியுள்ள இளம் பொறியாளர்கள் தங்கள் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒப்புதல் கையெழுத்து இடுவார்கள். அந்தக் கையெழுத்துக்கு முன், கூரைக் கம்பியின் விட்டத்தை அளப்பதுபோல் வானத்தின் அடியில் இறங்கிக் கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்ப்பதும் அவர்கள் கடமை. விரல் உள்ளே இறங்கினால், அன்றே வேலையை நிறுத்தி, மண்ணைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஒரு வாரத் தாமதத்தால் எந்தக் குடும்பமும் நலிந்துவிடாது. வாழ்நாளில் ஒருமுறை கட்டும் வீடு பிளந்தால், அதை மறுபடி கட்டும் வலிமை அக்குடும்பத்திற்கு இராது.